கேட்டடிச் சேறு: ஜோகூர்த் தோட்டப்புற ரயில் பாதை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜோகூரில் கெமாஸுக்கும் குளுவாங்குக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டியே வளர்ந்த தோட்டப்புற நகரங்கள் பல உள்ளன. 1909-இல் ஜோகூர் பாரு வரை பாதை இணைந்தபின் கித்தாத் தோட்டங்கள், அதாவது ரப்பர்த் தோட்டங்கள், அதைச் சுற்றிப் பெருகின. தோட்டத்து ஆட்கள் தீபாவளிச் சந்தைக்கு வந்துபோனதும் அந்த ரயிலில்தான். அத்தகைய நகரம் ஒன்றின் எல்லையில், மீட்டர் அகலப் பாதை ஒரு சிறு மேட்டை வெட்டிக்கொண்டு வளைந்து, தோட்டச் சாலை குறுக்கிடும் ரயில்வே கேட்டைக் கடந்ததும் தாழ்ந்த மண்கரையின்மேல் ஏறியது. கேட்டுக்கு வடக்கே, அந்த வெட்டுக்குள் இருந்த ஏறத்தாழ அறுபது மீட்டர் நீளமே இந்த ஆய்வின் பொருள். நான் அப்போது பாதைப் பராமரிப்பு ஒப்பந்தக் குழு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். ஊரையும் குழுவையும் தோட்டத்தையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன்; இதே குறையை வேறு சில ஊர்களிலும் பார்த்திருப்பதால் பெயரால் வாசகருக்குப் பயனில்லை.

இடமும் குறையும்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை இரண்டு முறை பெருவெள்ளம் தாக்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சிகாமட்டும் குளுவாங்கும் கோத்தா திங்கியும் நீரில் நின்றன. நாங்கள் ஆய்ந்த இடத்தில் வெள்ளம் தண்டவாளத்தின்மேல் ஏறவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்தபின், முன்பு மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டிய குறை வெயிற்காலத்திலும் நீங்காமல் தங்கிவிட்டது. ஒவ்வொரு வண்டி போகும்போதும் தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டைகளின் ஓரத்திலிருந்து வெளிறிய சேறு பீறிட்டு, கட்டைகளைச் சுற்றி நிரப்பிய கருங்கல் சல்லியின்மேல் கஞ்சி கொட்டியதுபோலப் படிந்தது. காய்ந்தால் அது சிமெண்ட்போல் இறுகும். அடுத்த மழையில் மீண்டும் குழம்பாகும். கட்டைகள் ஒரு பக்கம் அமுங்கியதால் இரு தண்டவாளங்களின் மட்டம் சில மீட்டர் தூரத்துக்குள்ளேயே மாறி மாறிச் சாய்ந்தது. நாங்கள் முறுக்கம் என்று சொல்லும் இந்தக் குறை மற்றக் குறைகளைவிட ஆபத்தானது. பெட்டியின் நான்கு மூலைச் சக்கரங்களில் ஒன்றன்மேல் எடை குறையும்போது, வளைவில் அந்தச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறிவிட வாய்ப்புண்டு. ஆகவே அவ்விடத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நட்டோம். பலகை நடுவது எளிது, பிடுங்குவதுதான் கடினம்.

முன்பு செய்த வைத்தியம்

எங்களுக்கு முன்னிருந்தவர்களும், முதல் ஓராண்டு நாங்களும், அங்கே செய்தது ஒன்றே: பள்ளமான இடத்தில் புதுச் சல்லி கொட்டி, டாம்பிங் எந்திரத்தை வரவழைத்துப் பாதையைத் தூக்கி நிறுத்துவது. எந்திரத்தின் இரும்பு விரல்கள் நொடிக்கு 35 முறை அதிர்ந்தபடி சல்லிக்குள் இறங்கி, கட்டையின் அடியில் கல்லை நெருக்கித் தள்ளும். அன்று மாலை பார்த்தால் பாதை நூல் பிடித்ததுபோல் இருக்கும். ஆனால் மூன்று நான்கு வாரங்களில் பழைய பள்ளங்கள் பழைய இடங்களிலேயே, ஏறத்தாழப் பழைய வடிவிலேயே தோன்றிவிடும். பாதைக்கு ஞாபகம் உண்டு என்று எங்கள் தொழிலில் சொல்வது இதைத்தான். சல்லிக்கு அடியிலுள்ள மண்தளமான படுகையின் வடிவம் கீழே அப்படியே இருக்க, மேலே சல்லியை மட்டும் அடுக்கினால் சல்லி மீண்டும் படுகையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்.

இதில் கவனிக்கத் தவறிய இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு டாம்பிங்கும் சல்லியைக் கொஞ்சம் நொறுக்குகிறது. சல்லி கூரிய முனைகளோடு இருக்கும்வரைதான் ஒரு கல் இன்னொன்றைக் கவ்வும். முனைகள் உடைந்து உருண்டையாகி, உடைந்த தூள் இடுக்குகளை நிரப்பியதும் நீர் வடியும் வழி அடைபடுகிறது. மாதம் ஒருமுறை டாம்பிங் செய்த இடத்தில், நோயை வளர்த்ததில் எந்திரத்துக்கும் பங்கு இருந்தது.

மரக்கட்டைகளை எடுத்துக் கான்கிரீட் கட்டை போட்டதும் நிலைமையைக் கூர்மையாக்கியது. செங்கால், பதப்படுத்திய கெம்பாஸ் ஆகிய மரங்களில் செய்த பழைய கட்டைகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடியில் வெற்றிடம் இருந்தாலும் அடியை உள்வாங்கும். கான்கிரீட் கட்டை எடை மிகுந்தது, வளையாதது. அது ஈரப் படுகையில் தொங்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சம்மட்டிபோல் இறங்கி, தன் அடிப்பாகத்தையும் கல்லையும் சேர்த்தே அரைக்கும். நல்ல படுகையில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கிடக்கக்கூடிய கட்டையின் அடி, இங்கே சில ஆண்டுகளிலேயே தேய்ந்திருந்தது. கான்கிரீட் கட்டை தவறு என்று நான் சொல்லவில்லை. நீர் தேங்கும் இடத்தைச் சீராக்காமல் அதைப் போட்டது தவறு.

குழி தோண்டிப் பார்த்தது

மேலிருந்தே பார்த்து முடிவெடுப்பதை நிறுத்திவிட்டு, வண்டியில்லா நேரத்தில் கட்டைகளின் முனையை ஒட்டி ஐந்து சோதனைக் குழிகள் தோண்டினோம். சேறு களிமண்ணிலிருந்துதான் வருகிறது என்றே நான் எதிர்பார்த்தேன். அப்படி இருந்தால் வேலை பெரியது: பாதையை எடுத்து, அடிமண்ணை வெட்டி, மணல் படுகை போட வேண்டும். சேறு பீறிட மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: நுண்மண் அல்லது தூள், நீர், திரும்பத் திரும்ப விழும் சுமை. இவற்றில் ஒன்றை எடுத்தாலும் போதும் என்பது பாடநூல் அறிவு. எதை எடுப்பது என்பதைக் குழிதான் காட்டும்.

ஐந்து குழிகளில் மூன்றில், கட்டைக்குக் கீழே ஒரு முழ ஆழம்வரை இருந்தது சாம்பல் நிறக் கருங்கல் தூள். மஞ்சள் களிமண் அதற்குக் கீழே, கலங்காமல், வெட்டுக்கோடு தெரியும்படி தனியாக இருந்தது. கையில் எடுத்துத் தேய்த்தால் சாம்பல் தூள் நறநறத்தது. களிமண் சோப்புபோல் வழுக்கியது. கேட்டை அடுத்திருந்த கடைசி இரண்டு குழிகளில் மட்டும் மஞ்சள் மண் சல்லிக்குள் ஏறியிருந்தது. ஆக, அறுபது மீட்டரில் ஏறத்தாழ நாற்பது மீட்டரின் சேறு வெளியிலிருந்து வந்ததே அல்ல. சல்லியே அரைபட்டு உண்டானது. வட அமெரிக்கப் பாதைகளில் இருந்து மாதிரிகள் எடுத்து ஆராய்ந்து செலிக், வாட்டர்ஸ் இருவரும் 1994-இல் வெளியிட்ட கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது: சல்லியை அடைக்கும் தூளில் சராசரியாக 76 விழுக்காடு சல்லி உடைவதால் வருவது, அடிமண்ணிலிருந்து ஏறுவது 3 விழுக்காடு மட்டுமே. அந்தச் சராசரியை நம் ஈரநிலத்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். இருந்தாலும் சேறு என்றாலே அடிமண் என்று முடிவுகட்டும் பழக்கத்தை அது அசைத்துவிடுகிறது.

குழிகள் காட்டிய இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தும், தோட்டத்துப் பக்கக் குழிகளில் அரை மணி நேரத்தில் நீர் ஊறி நின்றது. ஊர்ப் பக்கக் குழிகளில் ஊறவில்லை.

நீர் வந்த வழி

எங்களிடமிருந்த வரைபடத்தில் வெட்டின் இரு ஓரங்களிலும் ஓரக் கால்வாய் இருந்தது. கேட்டடியில் அவை கிழக்கே திரும்பிச் சுங்கையில் (ஆற்றில்) விழுவதாகக் கோடு போட்டிருந்தது. நேரில் பார்த்தால் தோட்டத்துப் பக்கக் கால்வாய் கேட்டுக்குப் பத்து மீட்டர் முன்பே புல்லில் மறைந்துபோனது. அங்கே பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம். கேட்டடிக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த, 1990-களில் ஓய்வுபெற்ற கேங் மண்டோர் (பாதைப் பராமரிப்பு ஆட்களின் தலைவர்) ஒருவர்தான் எழுந்து வந்து கைகாட்டினார்.

“தம்பி, இங்க தண்ணி கீழேருந்து ஊறல. மேலேருந்து எறங்குது. மேட்டு லோங்காங்க மூடிட்டாங்க, பாத்தீங்களா?”

“எந்த லோங்காங், ஐயா? வரைபடத்துல இல்லையே.”

“வரைபடத்துல இருக்காது. தோட்டத்துக்காரன் வெட்டுனது அது. நாங்கதான் துப்பரவு பண்ணுவோம்.”

லோங்காங் என்றால் கால்வாய். அவருடன் மேட்டின்மேல் ஏறிப் பார்த்தோம். கித்தாக் காலத்தில், வெட்டுக்கு மேலே சரிவின் குறுக்கே ஒரு மேட்டுக் கால்வாய் ஓடியிருக்கிறது. தோட்டத்துச் சரிவிலிருந்து இறங்கும் நீரைப் பாதைக்கு வரவிடாமல் பிடித்து, சுற்றிக்கொண்டு போய்க் கேட்டுக்கு அப்பால் விடுவது அதன் வேலை. சரிவில் ஆங்காங்கே மண்குழிகளும் இருந்தனவாம். நீரோடு வரும் மண் அவற்றில் தங்கிவிடும். கித்தாவை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டபோது பழக்குலை ஏற்றும் லாரிக்காகப் புதுச் சாலை போட்டிருக்கிறார்கள். சாலை மேட்டுக் கால்வாயின்மேலேயே சென்றது. மறுநடவு ஆன முதல் ஓரிரு ஆண்டுகளில் மண் வெறுமையாக இருக்கும். மூடுபயிர் விதைத்தாலும் அது படரும்வரை ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை அடித்துவரும். அந்த மண்தான் எங்கள் ஓரக் கால்வாயை நிரப்பியிருந்தது. யாரும் கெடுதல் நினைத்துச் செய்த செயல் அன்று. சாலை போட்டவருக்கு அங்கிருந்த பள்ளம் ஏதோ பழைய குழி.

பிறகு மண்டோர் கேட்டடியில் ஓர் இடத்தைக் குச்சியால் குத்திக் காட்டினார். தார்ச்சாலையின் ஓரத்தில், ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழே, 600 மி.மீ. விட்டமுள்ள கான்கிரீட் குழாய் ஒன்றின் வாய் இருந்தது. சாலைக்குத் தார் போடும்போதெல்லாம் ஓரத்தை உயர்த்தி உயர்த்தி அதை மூடியிருக்கிறார்கள். “எங்க காலத்துல குழா வாயில குனிஞ்சு பாத்தா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா அன்னிக்கே கேங்க எறக்கிடுவேன்,” என்றார். பாதையை எந்திரத்தால் அளந்து, கணினித் தாளில் வரைகோடாகப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் குழாய் இருப்பதே தெரியாது. அளவுப் பெட்டி தண்டவாளத்தை அளக்கும். தண்டவாளத்திலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி மண்ணுக்குள் கிடக்கும் குழாய் வாய் அதற்குத் தெரியாது. கேங் ஆட்களைக் குறைத்து எந்திரங்களைக் கூட்டியபோது நாம் இழந்தது உழைப்பை மட்டும் அன்று, நாள்தோறும் பாதையோரம் நடந்துபோகும் கண்களையும்தான் என்று எனக்குத் தோன்றியது.

செய்த வேலை

முதலில் கீழ்முனையைத் திறந்தோம். கால்வாய் வேலையை மேலிருந்து தொடங்கினால், இறங்கிவரும் நீர் போக இடமின்றி வெட்டுக்குள்ளேயே குளமாக நிற்கும். ஆகவே சுங்கையிலிருந்து மேல்நோக்கியே வெட்ட வேண்டும். பழைய குழாயை எடுத்துவிட்டு 900 மி.மீ. குழாய் வைத்தோம். விட்டம் ஒன்றரை மடங்கானால், அதே சரிவில் குழாய் கொண்டுபோகும் நீரின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகும். மறுநடவான சரிவிலிருந்து வரும் நீர் கித்தாக் காலத்தைவிட வேகமாக வந்துசேரும் என்பதால் அந்தப் பெருக்கம் வேண்டியிருந்தது. ஓரக் கால்வாயின் அடித்தளத்தைப் பாதைப்படுகையின் மட்டத்தைவிட அரை மீட்டர் கீழே இறக்கினோம். இது பலர் விட்டுவிடும் செய்தி. கால்வாயில் நீர் ஓடுகிறது என்பது மட்டும் போதாது. ஓடும் நீரின் மட்டம் படுகைக்குக் கீழே இருந்தால்தான் சல்லிக்குள் உள்ள நீர் அதற்குள் வடியும். மேலே இருந்தால் கால்வாயே சல்லிக்கு நீர் ஊட்டும்.

மேட்டுக் கால்வாய்க்காகத் தோட்ட நிர்வாகத்திடம் பேச வேண்டியிருந்தது. இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவது முறை நேரில் போய், சாலையின் அடியில் ஒரு குழாய் வைத்தால் அவர்கள் லாரி புதையும் இடமும் காய்ந்துவிடும் என்று காட்டியபின் அன்றே ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவும் முடிந்தபின், பாதையைத் தொடாமல் ஒன்றரை மாதம் பொறுத்தோம். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் எது கால்வாயால் சரியானது, எது சரியாகவில்லை என்று பிரித்தறிய வேறு வழியில்லை. நான்கைந்து பெருமழைகளுக்குப் பிறகு, சாம்பல் தூள் இருந்த நாற்பது மீட்டரில் பீறிடுவது கண்கூடாகக் குறைந்திருந்தது. கேட்டை ஒட்டிய இருபது மீட்டரில் குறையவில்லை. குழிகள் சொன்னதோடு இது பொருந்தியது.

அதன்பின் சல்லியைச் சலித்தோம். கட்டைகள் 600 மி.மீ. இடைவெளியில் இருந்தன, அறுபது மீட்டருக்கு நூறு கட்டை. இரவில் பாதை மூடியிருக்கும் நேரத்தில், ஓர் இரவுக்குப் பத்துக் கட்டை வீதம், இடுக்கிலும் அடியிலும் உள்ள சல்லியை வாரிச் சல்லடையில் இட்டு, தூளை ஒதுக்கி, குறைந்த அளவுக்குப் புதுக் கருங்கல் சேர்த்தோம். களிமண் ஏறியிருந்த இருபது மீட்டரில் மட்டும் கட்டைகளை நகர்த்தி, படுகையைக் கால்வாய்ப் பக்கம் 30-க்கு 1 என்ற சரிவில் சீவி, 150 மி.மீ. மணல் விரித்தோம். மணலின் பரல் அளவு முக்கியம்: பருமனாக இருந்தால் களிமண் அதனூடே ஏறிவிடும், மிக நுண்ணியதாக இருந்தால் நீர் வடியாது. மண்பொறியியலாளர் டெர்சாகி வகுத்த வடிகட்டி விதிப்படி இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுத்தோம்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சல்லியை வாரிய பாதை பக்கவாட்டுப் பிடிப்பை இழந்த பாதை. அங்கே தண்டவாளம் இணைப்பின்றி நீளமாகப் பற்றவைக்கப்பட்டது. தண்டவாள முனைகளை இடைவெளி விட்டுத் தகடால் இணைத்த பழைய ஃபிஷ்பிளேட் பாதையில் 25 மீட்டர்த் தண்டவாளம் 30 பாகை சூடேறினால் எட்டு மி.மீ.க்குச் சற்று மேல் நீண்டு இடைவெளியை அடைக்கும்; அதற்குமேல் தொல்லையில்லை. பற்றவைத்த தண்டவாளம் நீள முடியாது. நீள முடியாத இரும்பு அழுத்தமாக அதை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும். மீட்டருக்கு 54 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், ஒவ்வொரு பாகை வெப்ப உயர்வுக்கும் எழும் விசை ஏறத்தாழ 1.7 டன். நம் ஊரில் மதியம் காற்று 34 பாகை இருந்தால், வெயிலில் கிடக்கும் தண்டவாளம் 55 பாகையைத் தொடும். தண்டவாளத்தில் அழுத்தமோ இழுவையோ இல்லாத நடுநிலை வெப்பத்தைவிட 25 பாகை கூடியதாகக் கொண்டால், ஒரு தண்டவாளத்தில் 40 டன்னுக்கு மேல், இரண்டிலும் சேர்த்து 80 டன்னுக்கு மேல் அழுத்தம் பாதையை வெளியே தள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது கட்டையும் சல்லியும் மட்டுமே. ஆகவே வாரிய இடுக்குகளை அதே இரவில் நிரப்பி, கட்டை முனைக்கு வெளியே குவிக்கும் சல்லித் தோளையும் கட்டிவிடாமல் ஒருநாளும் வீடு திரும்பவில்லை. மறுநாள் மதியம் இருவர் காவலுக்கு நின்றனர். வளைவின் ஆரம் 400 மீட்டர். தண்டவாளத்தின் ஓரத்தில் 20 மீட்டர் நூலை நாணாக இழுத்துப் பிடித்தால், நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 125 மி.மீ. காட்ட வேண்டும். வேலை நடந்த நாள்களில் காலையும் மதியமும் அதை அளந்து, இரு அளவுகளும் விலகுகின்றனவா என்று பார்த்தோம். பாதை நெளியப்போவதை நாண் கண்ணுக்கு முன்பே சொல்லிவிடும்.

ஒரு பிழையும் நடந்தது. கடைசி இரவுகளில் மணல் லாரி வரவில்லை; கையிலிருந்த ஜியோடெக்ஸ்டைல் துணியை மட்டும் ஏழெட்டு மீட்டருக்கு விரித்து அதன்மேல் சல்லியைக் கொட்டிவிட்டோம். துணி சல்லியும் மண்ணும் கலப்பதைத் தடுக்கும். ஆனால் சுமை விழும்போது குழம்பாகி ஏறும் களிமண்ணைத் தடுக்கும் அளவுக்கு அதன் கண்கள் நுண்ணியவை அல்ல. அந்த முடிவை எடுத்தது நான்தான்.

பிறகு

அடுத்த இரண்டு மழைக்காலங்களில், மணலும் சலித்த சல்லியும் உள்ள பகுதிக்கு டாம்பிங் எந்திரம் வரவேண்டிய தேவை எழவில்லை. வேகப் பலகையைப் பிடுங்கினோம். துணி மட்டும் விரித்த இடத்தில் இரண்டாம் மழையிலேயே மஞ்சள் சேறு எட்டிப் பார்த்தது. பிறகு மணல் கொண்டுவந்து அதையும் திருத்தினோம். முழுமையாகத் தீராத குறை ஒன்றுதான்: புதுக் குழாயின்மேல் பாதை கெட்டியாகவும் அதையடுத்த மண்கரையில் இளக்கமாகவும் இருந்ததால், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் ஆண்டுதோறும் விழுந்தது. பாலம், மதகு எதுவானாலும் அணைகரை சேரும் இடத்தில் இது வாடிக்கை. ஆண்டுக்கொருமுறை நான்கு பேர் கைப்பிக்காசால் கல் திணித்துவிட்டுப் போவதே அதற்குப் போதுமானதாக இருந்தது. எந்திரத்தை நான் அங்கே விடவில்லை.

இன்று கெமாஸ்–ஜோகூர் பாரு இடையே 192 கி.மீ.க்கு மின்மயமான இரட்டைப் பாதை அமைந்துவிட்டது. அதன் வடிவமைப்பில் தண்டவாள மட்டத்தில் சாலை குறுக்கிடும் கேட்டுக்கே இடமில்லை. புதுப் பாதையில் படுகையும் வடிகாலும் தொடக்கத்திலேயே கணக்கிட்டுப் போடப்படுகின்றன என்றாலும், வேலிக்கு அப்பாலிருந்து வரும் நீர் இன்னொருவர் நிலத்து நீரே. செம்பனைக்கும் ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு உண்டு. வேலிக்கு வெளியே உள்ள குழாய்களையும் பாதை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மண்டோர் காட்டிய கால்வாயையும் குழாயையும் அன்று கையால் வரைந்து கோப்பில் சேர்த்தேன்.

குழாயின் வாயை மறுபடி தார் மூடிவிடாமல் இருக்க, அதன் இருபுறமும் பழைய தண்டவாளத் துண்டுகளை இடுப்பளவு நிற்குமாறு நட்டு, வெள்ளை அடித்தோம். அடுத்த முறை சாலைக்குத் தார் போட வந்தவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதற்கான செலவு இரண்டு துண்டு இரும்பும் அரை மூட்டை சிமெண்டும்.